புழுவும் இல்லை, வெட்டும் இல்லை: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர், தலைமையாசிரியர், குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

சென்ற மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த கடிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன. என் மகளின் தலையில் காணப்படும் நிலை தொற்றக்கூடியதல்ல என்று மருத்துவர் சான்றளிக்கும் வரை அவள் வகுப்புக்கு வர வேண்டாம் என்பது முதல் வரி. சான்றிதழோடு திரும்பிய பிறகும் வகுப்பறையில் தலையை மறைக்கும் துணியோ தொப்பியோ அணிய அனுமதியில்லை, சீருடை விதி அனைவருக்கும் பொதுவானது என்பது இரண்டாவது வரி. சான்றிதழ் வாங்கிக் கொடுப்பதற்குள் அவள் நான்கு பள்ளி நாட்களை இழந்தாள். இரண்டாவது வரியை மறுபரிசீலனை செய்யுமாறு நேரில் ஒருமுறையும் எழுத்தில் ஒருமுறையும் கேட்டேன். ஒருவருக்கு விலக்கு அளித்தால் மற்றவர்களும் கேட்பார்கள் என்பதுதான் கிடைத்த பதில். ஆகவே இம்முறை மற்ற பெற்றோரும் ஆசிரியர்களும் படிக்கும்படியாக எழுதுகிறேன். என் மகளிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். பெயரை மட்டும் போட வேண்டாம் என்றாள்.

அவளுக்கு இருப்பதற்கு நம் மொழியில் வழங்கும் பெயர் புழுவெட்டு. பூச்சிவெட்டு என்பாரும் உண்டு. இந்தப் பெயரைக் கேட்டவுடனேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இரவில் ஏதோ ஒரு புழு வந்து முடியைத் தின்றுவிட்டது என்றும், புழு இருக்கும் தலை சுத்தமில்லாத தலை என்றும், பக்கத்தில் உட்கார்ந்தால் அது நம் தலைக்கும் வரும் என்றும் கேட்பவர் மனம் தானாகவே கோத்துக்கொள்கிறது. உங்கள் கடிதத்தின் முதல் வரியும் அந்தக் கோவையின் கடைசி மணிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. மருத்துவர்கள் அலோபீசியா ஏரியேட்டா என்று அழைக்கும் இது, உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் சொந்த மயிர்க்கால்களையே அயலான் என்று எண்ணித் தாக்கும் நோய். வளர்ச்சிப் பருவத்திலிருக்கும் மயிர்க்கால், எதிர்ப்பு அணுக்களின் பார்வையில் படாமல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஒருவகைப் பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது. அந்தப் பாதுகாப்பு குலையும்போது டி அணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் மயிர்க்காலின் அடிப்பகுதியைச் சூழ்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் அதைத் தேனீக் கூட்டத்துக்கு ஒப்பிடுகிறார்கள். தாக்கப்பட்ட மயிர்க்கால் முடியை உதிர்த்துவிட்டு ஓய்வு நிலைக்குப் போகிறது, ஆனால் அழிவதில்லை. தோலில் தழும்பு விழுவதில்லை. பல ஆண்டுகள் கழித்தும் முடி மீண்டும் முளைக்க வாய்ப்பிருப்பது இதனால்தான்.

இது அரிதான நோயும் அல்ல. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவருக்கு இது வருகிறது. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அத்தனை பேருக்கும் பள்ளிப் பருவத்திலேயே வந்துவிடாது என்றாலும், என் மகள் முதல் ஆள் அல்ல, கடைசி ஆளாகவும் இருக்கப் போவதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது, தலை பின்னிவிடும் நேரத்தில் காதுக்குப் பின்னால் நாணய அளவில் ஓர் இடம் வழுவழுப்பாக என் விரலில் தட்டியது. சிவப்பு இல்லை, செதில் இல்லை, அரிப்பும் இல்லை. குழந்தையின் உள்ளங்கையைப் போல அவ்வளவு மென்மையாக இருந்தது. நானும் முதலில் புழுவெட்டு என்ற சொல்லைத்தான் நினைத்தேன், நானும் முதலில் தலையணை உறையைத்தான் வெந்நீரில் போட்டுத் துவைத்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். எனவே அறியாமையைக் குற்றமாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. எடுத்துச் சொன்ன பிறகும் மாறாத முடிவைப் பற்றியே என் குறை.

நீங்கள் அஞ்சியது எதற்கு என்று எனக்குத் தெரியும். குழந்தைகளின் தலையில் பூஞ்சையால் வரும் படர்தாமரை உண்மையிலேயே தொற்றக்கூடியது. அதிலும் வட்ட வட்டமாக முடி உதிரும். ஆனால் அதில் பெரும்பாலும் செதிலும் அரிப்பும் இருக்கும், முடி இடையில் ஒடிந்திருக்கும், சில நேரம் கழுத்தில் நெறி கட்டும். ஐயம் எழுந்தால் செதிலைச் சுரண்டி எடுத்துச் சோதித்துப் பார்த்துவிடலாம். புழுவெட்டில் வட்டத்தின் விளிம்பிலுள்ள குறுமுடிகள் நுனியில் தடித்தும் வேரை நெருங்க நெருங்க மெலிந்தும், அச்சு அசலாக ஆச்சரியக்குறியைப் போல நிற்கும். தோல் மருத்துவர் டெர்மோஸ்கோப் என்னும் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது அவற்றை என்னையும் பார்க்கச் சொன்னார். என் மகளின் நகங்களில் ஊசியால் குத்தியதைப் போன்ற சிறு குழிகள் வரிசையாக இருந்ததையும் அவரே காட்டினார். அதுவரை அவற்றை நான் கவனித்ததே இல்லை. நகத்தையும் தொடும் நோய் இது என்பது அன்றுதான் தெரிந்தது. போகிற போக்கில் ஒன்று சொல்ல வேண்டும்: படர்தாமரையே வந்திருந்தாலும், சிகிச்சையைத் தொடங்கிவிட்ட குழந்தையை வகுப்பிலிருந்து நாட்கணக்கில் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்றே குழந்தை மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எந்த வகையில் பார்த்தாலும் அந்த நான்கு நாட்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை.

இனி உங்கள் இரண்டாவது வரிக்கு வருகிறேன். அனைவருக்கும் பொதுவான விதி என்கிறீர்கள். கண்ணாடி அணியும் பிள்ளையைக் கண்ணாடி சீருடையில் சேராது என்று நீங்கள் கழற்றச் சொல்வதில்லை. கால் உடைந்து கட்டுப்போட்டு வரும் பிள்ளையிடம் காலணி எங்கே என்று கேட்பதில்லை. அவையெல்லாம் விலக்காகவே உங்கள் கண்ணுக்குப் படுவதில்லை, ஏனெனில் அங்கே நோயும் குறையும் நீங்கள் ஏற்றுக்கொண்ட வடிவில் இருக்கின்றன. என் மகளின் தலைத்துணி மட்டும் அலங்காரமாகத் தெரிகிறது. அவள் அதை அழகுக்காகக் கட்டவில்லை. அதில் அழகு இருந்தால் அதுவும் குற்றமில்லை என்பது வேறு. முடியில்லாத உச்சந்தலை வெயிலில் எளிதில் கருகும், குளிரில் வெப்பத்தை இழக்கும். அதைவிட, முப்பது பிள்ளைகள் இருக்கும் அறையில், பின்வரிசையிலிருந்து தன் பின்னந்தலையைப் பார்க்கும் கண்களை ஒரு நாளில் ஆறு மணி நேரம் தாங்கிக்கொண்டே பாடத்தையும் கவனிக்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் எதிர்பார்ப்பது கல்வி நிறுவனம் ஒன்றுக்கு அழகல்ல. துணியைக் கழற்றி வைத்த முதல் நாள், எல்லோருக்கும் பின்னால் இருக்கும் சுவரோர இருக்கையைத் தனக்குத் தரும்படி வகுப்பாசிரியரிடம் அவளே கேட்டிருக்கிறாள். கரும்பலகை சரியாகத் தெரியாத இடம் அது. அவள் கேட்டாள், கொடுக்கப்பட்டது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

விதியைக் கண்மூடிப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பள்ளியிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். புழுவெட்டு விழுந்த இடத்தில் முடி திரும்பும்போது பலருக்கு முதலில் வெண்மையாகவே முளைக்கும், நிறம் பிறகுதான் வரும். சென்ற ஆண்டு அவளுக்கு நெற்றியோரம் அப்படி ஒரு கற்றை முளைத்தது. வீட்டில் நாங்கள் அதை விழாப்போலக் கொண்டாடிக்கொண்டிருந்த வாரத்தில், பள்ளி வாயிலில் நின்ற ஆசிரியர் ஒருவர், முடிக்குச் சாயம் பூசக் கூடாது என்ற விதியைக் காட்டி அவள் குறிப்பேட்டில் கண்டனம் எழுதி அனுப்பினார். நடந்ததைச் சொன்னவுடன் அவர் வருத்தம் தெரிவித்தார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கண்டனம் இன்னும் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. அடித்து எழுதுங்கள் என்று கேட்டதற்கு, பதிவான குறிப்பை நீக்க வழியில்லை என்றார்கள்.

இவை இரண்டையும்விட எனக்கு ஆறாமல் இருப்பது மூன்றாவது ஒன்று. அது உங்கள் கடிதத்தில் இல்லை. நல்லெண்ணத்தோடு, கனிவான குரலில், பள்ளியின் மனநல ஆலோசகராலும் வேறு சில ஆசிரியர்களாலும் சொல்லப்பட்டது அது: கவலைப்படாமல் மனதை அமைதியாக வைத்துக்கொள், முடி தானாக வளரும். இதைச் சொன்னவர்களுக்கு இது ஆறுதல். கேட்ட பிள்ளைக்கு இது குற்றச்சாட்டு. பெரிய மன அழுத்தத்துக்குப் பின் இந்நோய் தொடங்கியதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அப்படி எந்த நிகழ்வும் இல்லாமல், நன்றாக உண்டு உறங்கி விளையாடிக்கொண்டிருந்தபோதே இது வந்தவர்களும் ஏராளம். 2010ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியான மரபணு ஆய்வு, இந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணுக் கூறுகளில் சில, முதல் வகை நீரிழிவு, முடக்குவாதம் போன்ற தன்னுடல் தாக்குநோய்களுக்கும் பொதுவானவை என்று காட்டியது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் மாணவனிடம் மனதை அமைதியாக வைத்துக்கொள், கணையம் தானாகச் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள். என் மகளிடம் சொன்னீர்கள். அதன் பிறகு ஓர் இரவு, விளக்கை அணைத்து வெகுநேரம் கழித்து, இருட்டில் அவள் கேட்டாள்: “நான் இன்னும் உள்ளுக்குள்ள கவலைப்பட்டுட்டே இருக்கேனாம்மா? அதனாலதான் வளரலையா?” முடி உதிர்ந்ததே சுமை, அதைத் தானே உதிர்த்துக்கொண்டோம் என்ற எண்ணத்தையும் அவள் தலையில் ஏற்றிவிட்டோம்.

முடி உதிர்வதால் அவள் கவலைப்படுகிறாள் என்பது வேறு, கவலைப்படுவதால் முடி உதிர்கிறது என்பது வேறு. முதலாவதற்கு ஆலோசகரின் உதவி அவளுக்குத் தேவை. இந்நோய் உள்ளவர்களிடையே பதற்றமும் மனச்சோர்வும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது மருத்துவர்கள் அறிந்ததே. அந்த உதவி காரணத்தைத் தேடும் விசாரணையாக மாறாதிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிகிச்சையைப் பற்றியும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் அவளுடைய வருகைப் பதிவேட்டில் விழுந்திருக்கும் இடைவெளிகளுக்கு அதுவே காரணம். ஒன்றிரண்டு வட்டங்களோடு நிற்பவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானாகவே திரும்பிவிடுகிறது. அதனால் காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான் என்றார் மருத்துவர். காத்திருந்தோம். வட்டங்கள் இரண்டு ஐந்தாயின. மேற்பூச்சு ஸ்டீராய்டு களிம்பு தரப்பட்டது. அதன் பிறகு டிரையாம்சினோலோன் என்னும் ஸ்டீராய்டை மிக மெல்லிய ஊசியால் வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாகச் செலுத்தும் முறை. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரே அமர்வில் இருபதுக்கும் மேற்பட்ட குத்துகள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எண்ணுவாள். ஊசி போட்ட இடங்களில் முடி வந்தது. அதே வேளையில் ஊசி படாத இடங்களில் புதிய வட்டங்கள் விழுந்தன. இந்நோயைச் சமாளிப்பதில் உள்ள கொடுமையே இதுதான். இங்கே அணைத்தால் அங்கே பற்றும், எப்போது தணியும் எப்போது திரும்பும் என்று எவராலும் தேதி குறிக்க முடியாது. நன்றாக வளர்ந்திருக்கிறதே, இனி துணி எதற்கு என்று சென்ற ஆண்டு கேட்டவர்களுக்கும், மறுபடியும் போய்விட்டதா, என்ன தவறு செய்தீர்கள் என்று இந்த ஆண்டு கேட்பவர்களுக்கும் என்னிடம் இருக்கும் விடை ஒன்றே.

உதிர்வின் அளவை மருத்துவர்கள் நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். உச்சிக்கு 40, பின்பகுதிக்கு 24, இரு பக்கங்களுக்கும் தலா 18 என்று தலையைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துக் கூட்டுவார்கள். அந்த எண் 50ஐத் தொட்டால் கடும் நிலை. என் மகளின் எண் இப்போது 55. புருவமும் மெலியத் தொடங்கிவிட்டது. இமைமுடியும் போகக்கூடும், போனால் விளையாட்டுத் திடலின் தூசியும் வழியும் வியர்வையும் நேரே கண்ணுக்குள் இறங்கும். அழகுப் பிரச்சினை என்று இதைக் குறிப்பிட்ட குழு உறுப்பினர் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்நிலையில்தான் ஜேக் தடுப்பான் என்னும் மாத்திரையைத் தொடங்குவது பற்றி மருத்துவர் பேசினார். மயிர்க்காலைத் தாக்கும்படி எதிர்ப்பு அணுக்களுக்கு இடையே கடத்தப்படும் செய்தியை வழியிலேயே மறிக்கும் மருந்து வகை இது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஜூனில் கடும் நிலையிலுள்ள பெரியவர்களுக்கு பாரிசிடினிப்பையும், 2023 ஜூனில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ரிட்லெசிடினிப்பையும் ஏற்றுக்கொண்டது. பின்னதை 718 பேரிடம் சோதித்த ஆய்வில், நாளுக்கு 50 மில்லிகிராம் எடுத்தவர்களில் 24 வாரங்களில் நூற்றுக்கு 23 பேருக்குத் தலையில் எண்பது விழுக்காடோ அதற்கு மேலோ முடி இருந்தது. மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேருக்கே அப்படி இருந்தது. இந்த எண்கள் எனக்கு நம்பிக்கையும் தருகின்றன, அடக்கமும் தருகின்றன. அந்த 24 வாரங்களில் நூற்றுக்கு எழுபத்தேழு பேர் அந்த அளவை எட்டவில்லை. மருந்தை நிறுத்தினால் மீண்டும் உதிர்வது பலருக்கும் நேர்கிறது. ஆகவே முடி வளர்ந்த பிறகு எல்லாம் ஒழுங்காகிவிடும், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க இயலாது. முடி வராமலேயே அவள் இப்பள்ளியில் படித்து முடிக்க நேரலாம். அப்படியானாலும் அவள் முழு மாணவியாகவே படிக்க வேண்டும்.

இந்த மருந்து எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதியைத் தணிப்பதால், தொற்றுகள் எளிதில் வரக்கூடும், வந்தால் கடுமையாகவும் கூடும். அதனால் தொடங்கும் முன் காசநோய்க்கும் கல்லீரல் அழற்சிக் கிருமிகளுக்கும் சோதனை, விடுபட்ட தடுப்பூசிகள், இடையிடையே இரத்தப் பரிசோதனை என்று எல்லாவற்றுக்கும் நாள் குறித்திருக்கிறோம். இதன் பொருளை நிர்வாகக் குழு சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அவளிடமிருந்து எந்தப் பிள்ளைக்கும் எதுவும் தொற்றப் போவதில்லை. வகுப்பில் யாருக்கேனும் அம்மை கண்டால், அது அவளுக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்புதான் இனி இப்பள்ளிக்கு இருக்கிறது. நான்கு நாட்கள் நீங்கள் காவல் நின்றது தவறான வாசலில்.

என் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன்.

மருத்துவக் காரணத்தால் தலையை மூடிக்கொள்ள வேண்டிய எந்த மாணவரும், வகுப்பறை, திடல், தேர்வுக்கூடம், புகைப்படம் என எங்கும், துணியோ தொப்பியோ செயற்கை முடியோ அணியலாம் என்று சீருடை விதியில் எழுத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வந்து கெஞ்ச வேண்டியிராதபடி ஒருமுறை தரும் மருத்துவச் சான்று பள்ளிப்படிப்பு முடியும் வரை செல்ல வேண்டும். அணிவதா, கழற்றுவதா என்பதை அன்றன்றைக்கு அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

சான்றிதழுக்காக அவள் இழந்த நான்கு நாட்களையும், இதுவரையிலும் இனியும் சிகிச்சைக்குச் செல்லும் நாட்களையும் வருகைக் குறைவாகக் கணக்கிடக் கூடாது. அந்நாட்களில் நடத்தப்பட்ட பாடக்குறிப்புகளும் தேர்வுகளும் அவளுக்குப் பின்னர் கிடைக்க வேண்டும். சாயம் பூசியதாக எழுதப்பட்ட கண்டனத்தை நீக்க வேண்டும். பதிவை அழிக்க வழியே இல்லை என்றால், அதற்குக் கீழே தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு அது தவறாக எழுதப்பட்டது என்று எழுத வேண்டும்.

தோல் நோயோ முடி உதிர்வோ காணப்பட்டால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பள்ளி மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் நடைமுறை வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஆலோசகருக்கும் இந்நோயைப் பற்றித் தோல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு ஒரு மணி நேரம் விளக்கம் அளிக்க ஏற்பாடு செய்யுங்கள். அவளுக்குச் சிகிச்சை அளிப்பவரே வந்து பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுவதானால் என் மகளிடம் முன்கூட்டியே கேளுங்கள். அவள் அறையில் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதும் அவள் விருப்பம்.

மாத்திரை தொடங்கியதும் தேதியை எழுத்தில் தெரிவிப்பேன். அன்றிலிருந்து அவள் வகுப்பிலோ பள்ளி வண்டியிலோ சின்னம்மை, தட்டம்மை போன்ற தொற்று எவருக்கேனும் கண்டால், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, செய்தியை மட்டும் அன்றே எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

இவற்றுள் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணம் என்பதை அடுத்த பருவம் தொடங்கும் முன் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். சுவரோர இருக்கையை மட்டும் அதுவரை காத்திராமல் நாளைக் காலையே மாற்றிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்